கஞ்சிக் குக்கரும் சாக மறுத்த கலங்களும்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆய்வுகூடத்தில் நோன்புக் கஞ்சிக்குள் மனிதச் சதை விழவே இல்லை. விழுந்தது என்று சொல்பவர்கள் யாராவது இருந்தால், அவர்கள் அந்தக் கஞ்சியைக் குடித்தவர்கள் அல்லர். குடித்தவன் நான்.

சென்ற மாதம் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், திசுக்களுக்குத் தானாகவே சாயமேற்றும் இயந்திரம் ஒன்றைத் திறந்து வைத்தார்கள். ஓய்வு பெற்றவன் என்ற மரியாதைக்கு என்னையும் கூப்பிட்டு முன்வரிசையில் இருத்தினார்கள். தேநீர் நேரத்தில் புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். இயந்திரத்தைப் பற்றி ஏதாவது கேட்பார்கள் என்று தொண்டையைச் செருமிக்கொண்டேன். ஒரு பிள்ளை கேட்டது: "சேர், அந்தக் கஞ்சிக் கதை உண்மதானா?" ஒருவரின் கழுத்துக் கட்டியைக் கஞ்சியில் போட்டு அவித்துவிட்டோம் என்பது ஒரு கதை. மாட்டிறைச்சிக்குச் சாயமேற்றி அதற்குப் புற்றுநோய் என்று அறிக்கை கொடுத்தோம் என்பது இன்னொன்று. இப்படியே விட்டால் நான் மௌத்தான பிறகு என் பேரப்பிள்ளைகளுக்கு மாப்பிள்ளை கிடைக்காது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளன். கொழும்பில் படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. போர்மலின் மணத்துக்குப் பழகினேன், சிங்களம் பழகினேன், பருப்பும் பாணும் மட்டும் தின்று உயிர் வாழலாம் என்று கண்டுகொண்டேன். பிறகு கல்முனைப் பக்கத்துக் கரையோர ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன்.

எங்கள் மேலதிகாரி டொக்டர் தேவமலர். யாழ்ப்பாணத்துக்காரி. திசுக்களைப் பார்த்து நோய் சொல்லும் விசேட வைத்திய நிபுணர். மனிதர்களைப் பற்றிப் பேசும்போது அவருக்குச் சிக்கனம் அதிகம். நுணுக்குக்காட்டிக்குக் கீழே இருக்கும் உயிர்க் கலங்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் மரியாதை பொங்கி வழியும். "இவர் ஏன் இப்பிடி வீங்கிப் போனார்?" "அவையள் எல்லாரும் ஒரு பக்கம் ஏன் ஒதுங்கி நிக்கினம்?" என்றெல்லாம் கேட்பார். எங்களைக் கூப்பிடும்போது "இஞ்ச வாரும்" தான்.

அவர் யாரையும் சத்தம் போட்டு ஏசியதில்லை. ஏசுவதற்கு முன் மேசை லாச்சியைத் திறந்து ஒரு கிறீம் கிறெக்கர் பிஸ்கட்டை எடுத்து நீட்டுவார். "சாப்பிடும்" என்பார். நாங்கள் அதை மென்று முடியும்வரை பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பிஸ்கட் தொண்டையில் இறங்கும் பாடு எங்களுக்குத்தான் தெரியும். நோன்பு மாதத்தில் பகலில் சாப்பிட முடியாதல்லவா, அதற்கும் வழி வைத்திருந்தார். பிஸ்கட்டைக் கடதாசியில் சுற்றித் தந்து, "நோன்பு திறக்கேக்க சாப்பிடும்" என்பார். ஏச்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மஃரிப் பாங்கு வரை திரிய வேண்டும்.

இனி வேலைக்கு வருகிறேன். ஒருவரின் கழுத்திலோ அக்குளிலோ உள்ள நிணநீர்க் கணு வீங்கினால் அதை வெட்டி எங்களிடம் அனுப்புவார்கள். வீக்கம் சாதாரணமானதா, புற்றா என்று சொல்ல வேண்டும். சில வேளைகளில் இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். கணுவுக்குள் உருண்டை உருண்டையாகக் கலங்கள் கூடியிருக்கும். சுகமான கணுவில் அந்த உருண்டை ஒரு சோதனைக்கூடம். நோயோடு சண்டை பிடிக்கத் தகுந்த கலத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, தேறாதவற்றைச் சாக விடும் இடம். அங்கே சாவு என்பது ஒழுங்கு. புற்று வந்தால் அந்த ஒழுங்கு போய்விடும். தேறாதவையும் சாகாமல் குந்திக்கொள்ளும். அப்படிக் குந்தவைக்கும் புரதத்துக்கு பி.சி.எல். டூ என்று பெயர். உருண்டைக்குள் அந்தப் புரதம் இருந்தால் புற்று, இல்லாவிட்டால் நிம்மதி.

அது இருக்கிறதா என்று பார்க்கத்தான் சாயம். மெழுகில் பதித்த சதையை வெங்காயத் தோலிலும் மெல்லியதாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, மெழுகைக் கரைத்து எடுப்போம். ஆனால் போர்மலினில் ஊறிய சதையில் புரதங்கள் ஒன்றையொன்று கட்டிப் பிடித்துக்கொண்டு முகம் காட்டாமல் கிடக்கும். அவற்றைத் தளர்த்த வேண்டுமென்றால் கண்ணாடியோடு சேர்த்து ஒரு கரைசலில் போட்டு பிரஷர் குக்கரில் அவிக்க வேண்டும். ஆம், வீட்டில் இறைச்சி அவிக்கும் அதே குக்கர்தான். அவிந்த பிறகு மருந்து விட்டால், பி.சி.எல். டூ உள்ள இடம் கபில நிறமாகும். மற்றதெல்லாம் நீலமாக நிற்கும்.

அந்தக் குக்கரை வாங்கி வந்தவர் எங்கள் சிற்றூழியர் முபாரக் காக்கா. எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம். அலுவலக முறைப்படி கேட்டால் வந்து சேர எத்தனை காலமாகுமோ என்று, டொக்டர் தன் கைக்காசைக் கொடுத்து அக்கரைப்பற்று பஸாருக்கு அனுப்பினார். முபாரக் காக்கா ஆய்வுகூடத்துக்கு ஒன்றும், அதே கடையில் அதே அளவில் தனக்கு ஒன்றும் வாங்கிக்கொண்டு வந்தார். தன்னுடையதைத் தேநீர் அறையில் வைத்துக்கொண்டார். நோன்பு மாதத்தில் எங்களுக்குக் கஞ்சி காய்ச்சுவது அவர் பொறுப்பு. ஆய்வுகூடத்துக்கும் தேநீர் அறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டி மட்டும் இருந்தது.

இப்போது என் சகலன் வருகிறார்.

எங்கள் ஊர்களில் பெண்பிள்ளைகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை பெட்டியோடு போய்ப் பெண் வீட்டில் குடியேறுவான். என் மாமனார் இரண்டு மகள்மாருக்கும் ஒரே வளவில் பக்கத்துப் பக்கத்தில் வீடு கட்டினார். ஒன்றில் நான். மற்றதில் என் மனைவியின் ராத்தாவை, அதாவது அக்காவை, கட்டிய ஹனீபாக் காக்கா. அவர் வட்டவிதானை. வயல்களுக்கு எப்போது தண்ணீர் திறப்பது, எப்போது பூட்டுவது என்று முறை வைத்து, விவசாயிகளை மேய்க்கும் வேலை. வாய்க்காலின் இந்த முனையில் நின்று அந்த முனையில் உள்ளவனை ஏசிப் பழகிய தொண்டை. அவர் இரகசியம் பேசினால் பள்ளிவாசல் வரை கேட்கும்.

அவர் கழுத்தில் கட்டி வந்தது. வெட்டினார்கள். கட்டி என் ஆய்வுகூடத்துக்கு வந்தது. மெழுகுக் கட்டையில் பெயரைப் பார்த்ததும் அதை வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு தடவை வாசித்தேன். நாங்கள் இருவரும் வேலி ஓரத்து முருங்கை மரம் யாருடையது என்று வருடக்கணக்காகச் சண்டை பிடித்தவர்கள். ஆனாலும் அந்தப் பெயரைப் பார்த்த நேரம் மரம் முழுவதையும் அவருக்கே எழுதிக் கொடுத்துவிடத் தோன்றியது.

டொக்டர் சாதாரண சாயத்தில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இவர் பிடி தாறார் இல்லை" என்றார். "பி.சி.எல். டூ போடுங்கோ. ஆனா நீர் தொடக் கூடாது. உம்மட சகலன். சாஜிதா செய்யட்டும்."

சாஜிதா எங்கள் இளைய தொழில்நுட்பவியலாளர். கெட்டிக்காரி. அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு கண்ணாடிச் சிலைட்டைக் குக்கரில் வைத்துவிட்டு, முதல் விசில் வந்ததும் நேரத்தைத் தொடங்கக் காத்திருந்தாள். விசில் வந்தது. நேரம் பிடித்து, நேரம் முடிந்து, இறக்கினாள். மருந்து விட்டு இரவு முழுக்கக் குளிர்ப்பெட்டியில் வைத்தாள். மறுநாள் காலை நிறமேற்றி நுணுக்குக்காட்டியில் பார்த்தாள்.

சிலைட் முழுவதும் நீலம். கபிலம் ஒரு பொட்டுக்கூட இல்லை. முடிவை டொக்டர்தான் சொல்ல வேண்டும். அவரோ ஒரு கூட்டத்துக்காக அம்பாறைக்குப் போயிருந்தார். சாஜிதா ஒழுக்கமான பிள்ளை, என்னைக் கண்டதும் வாயைத் திறக்கவில்லை. பல்லை மட்டும் திறந்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

நானும் ஒழுக்கமானவன்தான். வீட்டில் ஒரு சொல் சொல்லவில்லை. நோன்பு திறந்தபோது கொஞ்சம் பைத் பாடினேனாம், எனக்கு நினைவில்லை. என் மனைவி பரீதா என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் குசினிக்குள் போய் முட்டை அடிக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கோப்பை வட்டிலப்பம், எங்கள் பெருநாள் இனிப்பு, வேலிக் கடப்பைத் தாண்டி அவள் ராத்தா வீட்டுக்குப் போனது. பெருநாளும் இல்லை, விருந்தாளியும் இல்லை. நோன்பு நடுவில் வட்டிலப்பம் வருவதென்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் பெண்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ராத்தா கோப்பையைப் பார்த்து "அல்ஹம்துலில்லாஹ்" என்று அழுதாராம். ஹனீபாக் காக்கா அதைக் கேட்டு முற்றத்துக்கு வந்து, தன் வாய்க்கால் தொண்டையில் தெருவுக்கே அறிவித்தார்: "என்ட கட்டி சுகமான கட்டிதானாம்! பெருநாள் கழிஞ்ச ஒடன ஒரு மாடு அறுத்து கந்தூரி குடுக்கேன், எல்லாரும் வந்திருங்க!"

மறுநாள் காலை டொக்டர் கதிரையில் உட்காரவும் இவர் வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"டொக்டரம்மா, நீங்க கட்டாயம் வரணும். ஒங்களுக்கு மாட்டிறைச்சி சரிவராதெண்டா கோழி வைக்கம்."

"என்ன விசேஷம்?"

"என்ட கட்டியில ஒண்டுமில்ல எண்டு நீங்க செல்லிட்டீங்களே, அந்தச் சந்தோசந்தான்."

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தேன். "நான் இன்னும் பாக்கேல்லை ஐயா" என்று அவரிடம் மெதுவாகச் சொல்லி அனுப்பிவிட்டு, சிலைட்டை எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்தார். வைத்த வேகத்தில் தலையை நிமிர்த்தினார்.

"இதில ரீ கலங்கள் எங்கை?"

சாஜிதா விழித்தாள். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. உருண்டைகளைச் சுற்றி நிற்கும் ரீ (T) கலங்கள் யாருடைய கணுவிலும், சுகமோ நோயோ, பி.சி.எல். டூ வைத்திருக்கும். அவை எப்போதும் கபிலமாக வர வேண்டும். சாயம் பிடித்தது என்பதற்கு அவைதான் சாட்சி. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று வேறாக வைத்திருந்த தொண்டைச் சதையும் தீர்ந்து போயிருந்ததால், அந்தச் சாட்சியை விட்டால் எங்களுக்கு வேறு நாதியில்லை. அவையும் நீலம் என்றால் சிலைட் 'இல்லை' என்று சொல்லவில்லை. வாயே திறக்கவில்லை.

"இவர் வேகேல்லை" என்றார் டொக்டர். "குக்கரிலை என்ன நடந்தது?"

"விசில் வந்தது மிஸ், நான் என்ட காதால கேட்டேன்" என்று சாஜிதா சத்தியம் செய்தாள்.

டொக்டர் கண்ணை மூடி யோசித்தார். ஒவ்வொரு நாளும் முபாரக் காக்கா அவருக்கும் ஒரு கோப்பை கஞ்சி கொடுப்பது வழக்கம். அவரும் எங்களோடு பாங்கு சொல்லும்வரை காத்திருந்து குடிப்பார். கண்ணைத் திறந்து கேட்டார்: "முந்தநாள் கஞ்சியிலை இறைச்சி எப்பிடி இருந்தது?"

இந்த நேரத்தில் இதென்ன கேள்வி என்று நினைத்தேன். ஆனால் உண்மை உண்மைதான். முபாரக் காக்காவின் கஞ்சியில் இறைச்சி எப்போதும் செருப்புத் தோல் மாதிரி இருக்கும். முந்தநாள் மட்டும் பஞ்சு. நான் இரண்டாம் கோப்பை வாங்கியிருந்தேன்.

"நல்லா வெந்திரிந்திச்சி மிஸ்."

"எனக்கெண்டு கோழி போட்டு வேறயாக் காய்ச்சித் தாறவர். அதுவும் வெந்திருந்தது. அந்த மனிசனைக் கூப்பிடும்."

முபாரக் காக்கா வந்தார். கதவைத் தாண்டுமுன்னே விஷயம் தெரிந்துவிட்டது போல முகம். "மிஸ், அல்லாவுக்காக, நான் பானையத் தொடல்ல. அது மருந்துப் பானை எண்டு எனக்குத் தெரியும். மூடியில இரிக்கிற றப்பர் வளையத்த மட்டுந்தான் எடுத்தேன். என்டது வெடிச்சிப் போயிற்று. அத இதில போட்டுட்டு இத அதில போட்டேன். நல்லாக் கழுவித்தான் போட்டேன்."

அதன்பிறகு எல்லாம் விளங்கியது. வெடித்த வளையத்தோடு எங்கள் குக்கர் நாலு பக்கமும் ஆவியை விட்டுக்கொண்டு சும்மா கொதித்திருக்கிறது. தட்டிக்கு அந்தப் பக்கம் கஞ்சி விசில் அடித்திருக்கிறது. சாஜிதா அந்த விசிலுக்கு என் சகலனின் கழுத்தை இறக்கியிருக்கிறாள். குக்கர் இரண்டும் ஒரே சாதி, விசில் இரண்டும் ஒரே குரல்.

டொக்டர் லாச்சியைத் திறந்தார். சாஜிதாவுக்கு ஒரு பிஸ்கட். முபாரக் காக்காவுக்கு ஒன்று. எனக்கும் ஒன்றை நீட்டினார்.

"மிஸ், நான் சிலைட்டத் தொடவே இல்லையே!"

"தொடேல்லைத்தான். ஆனா அந்தச் சந்தோச முகத்தைக் கழுவாமல் வீட்டுக்குக் கொண்டு போயிருக்கிறீர். நோன்பு திறக்கேக்க சாப்பிடும்."

முபாரக் காக்கா அன்றே புது வளையம் வாங்கி வந்தார். இம்முறை தேநீர் அறையில் அடுப்பு மூட்டத் தடை. எங்கள் குக்கர் விசில் அடித்தபோது எல்லாரும் அதைச் சுற்றி நின்று கண்ணால் பார்த்தோம். அன்று நோன்பு திறக்க எங்களுக்குக் கிடைத்தது பேரீச்சம்பழமும் பிஸ்கட்டும்தான்.

மறுநாள் டொக்டர் பார்க்கும்போது நான் கதவருகில் நின்றேன். ரீ கலங்கள் வந்திருக்கின்றன என்றார், அழகான கபிலம். பிறகு நுணுக்குக்காட்டியின் சில்லைத் திருகித் திருகி உருண்டைக்குள் போனார். போய் அங்கேயே இருந்தார். நிமிர்ந்தபோது லாச்சிப் பக்கம் கை போகவில்லை. எதிரில் இருந்த கதிரையைக் காட்டினார். எனக்கு அவர் கதிரை தந்தது அதுவே முதல் தடவை.

"உள்ளுக்கு இருக்கிறவையும் கபிலம்" என்றார். "இவையள் சாக மாட்டினமாம்."

நான் அழுதேன். அவர் மேசையில் இருந்த கடதாசித் துண்டை நீட்டினார். பிறகு, "இது மெல்லமாப் போற சாதி. கனகாலம் இருக்கலாம். நேரத்தோட கண்டிட்டம். அதை நான் சொல்லக் கூடாது, நீர் சொல்லவே கூடாது, கிளினிக்கிலை சொல்லுவினம். முகத்தை என்ன செய்யப் போறீர்?" என்று கேட்டார்.

முகத்தை என்ன செய்வது? ஹெல்மட்டைப் போட்டு, கண்ணாடியையும் இறக்கிக்கொண்டு போனேன். மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கியும் கழற்றவில்லை. அப்படியே முற்றத்தைத் தாண்டி வீட்டுக்குள் நுழையப் பார்த்தேன். ஹனீபாக் காக்கா வேலிக் கடப்பில் நின்றார்.

"தம்பி, ஹெல்மட்டக் கழட்டுங்க."

"தலையிடிக்கிது காக்கா."

"கழட்டுங்க."

கழற்றினேன். பார்த்தார். அவர் வாழ்நாளில் முதன்முறையாக, எனக்கு மட்டும் கேட்கும்படி, "சரி, உள்ளுக்குப் போங்க, ராத்தாக்கிட்ட ஒண்டும் செல்லாதீங்க" என்றார்.

கிளினிக்குக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்த டொக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, இப்போதைக்கு மருந்து தேவையில்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும், கூடினால் மருந்து தொடங்கலாம் என்றார். ஹனீபாக் காக்காவுக்கு வந்ததே கோபம். "கென்சர் எண்டு செல்லிட்டு ஒரு பனடோலாவது தராம அனுப்புறீங்களே, இது என்ன ஆஸ்பத்திரி?" என்று அவர் கேட்டது வரிசையில் கடைசி ஆளுக்கும் கேட்டது.

திரும்பி வரும் வழியில் வான் வண்டிக்குள் கேட்டார்: "அந்தச் சாமான் என்னதான் செய்யிது? ஒழுங்காச் செல்லுங்க."

சொன்னேன். ஒவ்வொரு கலத்துக்குள்ளும் இழைமணி என்று சின்னச் சின்ன எஞ்சின் அறைகள் இருக்கின்றன. கலம் சாகும் நேரம் வந்தால் சில புரதங்கள் போய் அந்த அறையின் சுவரில் ஓட்டை திறக்கும். உள்ளே இருப்பது கசியும். கசிந்ததும் கலம் தன்னைத் தானே ஒழுங்காகப் பிரித்துப் போட்டு அடங்கிவிடும். இந்த பி.சி.எல். டூ என்பவன் சுவரில் நின்றுகொண்டு, ஓட்டை திறக்க வருகிறவர்களின் கையைப் பிடித்து நிறுத்துகிறான். அளவோடு இருந்தால் நல்ல காவற்காரன். அளவு மிஞ்சினால் ஒரு கலமும் சாகாது.

ஹனீபாக் காக்கா இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப குளத்து வான்கதவுல குந்திக்கிட்டு, தொறக்க வாறவன அடிச்சித் தொரத்துறான்."

"ஓம் காக்கா."

"தொறக்காட்டி குளம் ஒடைக்கும்."

"ஓம்."

"இப்பிடி ஒருத்தன எனக்குத் தெரியும். போன பெரும்போகத்துல நாந்தான் அவன எழுப்பி அனுப்பினேன்." கொஞ்ச தூரம் போனதும் விரலை மடக்கி எண்ணினார். "டூ எண்டா ரெண்டுதானே? ஒண்டு எங்க?"

"அவன் வேற வழக்கு காக்கா."

"அவனயும் பாத்துக்கங்க" என்றார்.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள். ஹனீபாக் காக்கா டொக்டர் சொன்னபடி கிளினிக்குக்குப் போய்வருகிறார். நடுவில் கட்டி கூடி ஊசி மருந்து ஏற்றினார்கள், மயிர் கொட்டி முளைத்தது. அந்தக் காவற்காரனையே பிடித்துக் கட்டும் மருந்துகளும் சில இரத்தப் புற்றுகளுக்கு வந்திருப்பதாகச் சொன்னேன். "உலகத்துல புத்தியுள்ளவனும் இரிக்கான்" என்றார். முருங்கை மரச் சண்டை இன்னும் முடியவில்லை. ஆனால் நான் முடிக்க நினைத்தது கந்தூரியின் கதையை.

அறிவித்த கந்தூரியை என்ன செய்வது? நிறுத்திவிடலாம் என்றேன். "அல்லாக்குச் செல்லின சொல்லு" என்றார். பெருநாள் கழிந்து மாடு அறுபட்டது. ஊரே வந்தது. முற்றத்தில் பாய் விரித்து, ஆறு பேருக்கு ஒரு சஹன் என்று சோறு வைத்தார்கள். ஒரு பெரிய தட்டம், ஆறு கை, எங்கள் வழக்கம் அது. சுகமான கட்டிக்கான விருந்து என்றே எல்லாரும் வந்திருந்தார்கள். அவர் எழுந்து நின்றார்.

"எல்லாரும் கேளுங்க. நான் முந்திச் செல்லினது பிழை. எனக்கு கென்சர். தொத்துற நோயில்ல. மறைச்சிச் சோறு போடுறது சரியில்ல எண்டுதான் செல்லுறன். இனி பிஸ்மி செல்லித் தின்னுங்க."

சொல்லிவிட்டு ஒரு சஹன் முன்னால் போய் உட்கார்ந்தார். அந்தச் சஹனில் முன்பே இருந்தவர்களின் கைகள் சோற்றுக்கு மேலே நின்றன. ஒருவர் தண்ணீர் எடுக்கப் போவது போல எழுந்தார். இன்னொருவர் தன் மகனைத் தேடினார். தொற்றாது என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் கைக்குத் தெரியவில்லை. ஹனீபாக் காக்கா தலையைக் குனிந்து சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தொண்டை அவ்வளவு நேரம் சும்மா இருந்து நான் கண்டதில்லை.

நான் என் சஹனை விட்டு எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கை பட்ட இடத்திலிருந்தே ஒரு பிடி அள்ளினேன். எனக்குப் பின்னால் முபாரக் காக்கா வந்தார். "அண்டைக்கு ஒங்கட எறச்சிய வேக விடாதவன் நான், இண்டைக்காவது ஒழுங்காத் திங்கிறேன்" என்று சம்மணம் போட்டார். தண்ணீருக்குப் போனவர் வெட்கப்பட்டுத் திரும்பி வந்தார். கடைசியில் அந்தச் சஹனைச் சுற்றி இடம் பற்றாமல் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு இருந்தோம்.

ஹனீபாக் காக்கா ஒரு நல்ல ஈரல் துண்டைப் பிரித்து என் பக்கம் தள்ளினார்.

"தின்னுங்க தம்பி. அவியாத சிலைட்ட நம்பி இரிந்தா, இந்தச் சோறு நான் மௌத்தாகி ஓதுற கத்தத்துச் சோறு. எல்லாரும் தின்டிருப்பீங்க, எனக்குத்தான் கெடச்சிரிக்காது."

ஈரலை எடுத்து வாயில் வைத்தேன். கண்ணீர் தாடையில் ஓடிச் சஹனில் சொட்டியது. அவர் அதைப் பார்த்துவிட்டு, முற்றம் முழுவதும் கேட்க, தன் பழைய தொண்டையில் ஏசினார்:

"அழுறத நிப்பாட்டுங்க காணும்! சோத்துல ஏற்கனவே உப்புக் கூட."